ஆளுக்கு அரைவட்டம்

“ஏளா, அவன்கிட்ட அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரக் கேளு.”

சொன்னவர் என் வீட்டுக்காரர். ‘அவன்’ என்று அவர் சொன்னது கூடப்பிறந்த தம்பி முருகேசனை. கேட்ட ஸ்க்ரூடிரைவர் தம்பியின் கையிலேயே இருந்தது. இருவரும் ஹால் தரையில் முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானோ அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒங்க அண்ணன் ஸ்க்ரூடிரைவர் கேக்காவ” என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

“மதினி, இது சின்னது இல்ல, நடுத்தரம். சின்னது டப்பாவுல கெடக்குன்னு சொல்லுங்க.”

“டப்பாவுல கெடக்காம்.”

“கேட்டுது, கேட்டுது. நான் என்ன செவிடா?”

செவிடு இல்லை, வீம்பு. ஏழெட்டு வருஷத்து வீம்பு.

தரையில் பழைய பெட்ஷீட் விரித்து, அதன் மேல் ஒரு பொம்மை ரயில் அக்கக்காகப் பிரிந்து கிடந்தது. பச்சை எஞ்சின், நீலப் பெட்டி இரண்டு, தகரத் தண்டவாளம். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. முருகேசன் மனைவி ஜெயந்தி, என் ஓரகத்தி, அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்திருந்தாள். அப்படியும் தோள் குலுங்கியது.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டு நண்டுக் குழம்பு சங்கதியை எழுதியிருந்தேன். “வீட்டு விஷயத்தை எழுதி ஊரைச் சிரிக்க வைக்காத” என்று இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரி, குழம்பு வேண்டாம், இந்த வாரம் இவரையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மூன்று கதைகள்

ரயில் என் மாமனாருடையது. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, இறைச்சி, தண்ணீர் எல்லாம் சப்ளை செய்தவர். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சாமான்கள் தோணியில் போகும், தோணியில் வரும். அப்படி ஒரு தோணியில், காலி வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் வந்து இறங்கியதுதான் இந்த ரயில்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மாமனார் ஆளுக்கு ஒரு கதை சொல்வார். ஜெர்மன் கேப்டன் ஒருவருக்கு நம்மூர் மக்ரூன் பிடித்துப்போய், டின் டின்னாக வாங்கித் தின்றுவிட்டு, கப்பல் கிளம்பும்போது நன்றிக்குக் கொடுத்தார் என்பது எனக்குச் சொன்ன கதை. ஜெயந்திக்குச் சொன்னதில் அதே கேப்டன் சீட்டாட்டத்தில் தோற்றார். மாமியாருக்கு மட்டும், கப்பலில் கிடந்த ஒரு நோயாளிக்குப் பாதிரியாரை அழைத்துப்போன புண்ணியத்துக்குக் கிடைத்தது என்று சொல்லியிருந்தார். அந்தப் புண்ணியவதி சாகும்வரை அதை நம்பினாள்.

மூன்றில் எது நிஜம் என்று நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். “ரயில் ஓடுதுல்லா? பெறகு என்ன?” என்றார். சுங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில். தகரத்தில் செய்தது. எஞ்சின் நெற்றியில் செம்பில் ஒரு குமிழ் இருக்கும். பெட்டிகள் வரும்போது சிவப்பாம். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் தகரம் எத்தனை நாள் தாங்கும்? துரு ஏற ஆரம்பித்ததும் மாமனார் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்டை எடுத்து இரண்டு பூச்சு பூசிவிட்டார். அன்றிலிருந்து அது மீன்பிடிக்கப் போகிற ரயில் மாதிரிதான் இருக்கும்.

சித்தப்பா சொன்ன தீர்ப்பு

மாமனார் போனபின் பாகம் பிரித்தார்கள். வீடு, கடை, பனங்காடு, நகை எல்லாம் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் பிரிந்தது. கயிறும் வலையும் விற்கிற திரேஸ்புரம் கடை இவருக்கு, டவுனில் எலெக்ட்ரிக்கல் கடை தம்பிக்கு. எல்லாம் முடிந்து இலை போடப் போகிற நேரத்தில் பரண் மேல் இருந்து ரயில் பெட்டி இறங்கியது.

“எனக்குத்தான்” என்றார் இவர். “எனக்குத்தான்” என்றான் தம்பி. இருவருக்கும் தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவராக வந்திருந்த சித்தப்பாவுக்குப் பசி. சட்டென்று ஒரு தீர்ப்பு சொன்னார். எஞ்சின் மூத்தவனுக்கு. பெட்டி இரண்டும் இளையவனுக்கு. தண்டவாளம் வட்டமாக இருந்ததா, அதில் ஆளுக்கு அரைவட்டம். எஞ்சின் பெரிய சாமான் என்பதால், தராசுத் தட்டு சமமாக இருக்கட்டும் என்று சாவியைத் தம்பி கையில் கொடுத்தார்.

“சித்தப்பா, சாவி எஞ்சினுக்குள்ளதுல்லா” என்று இவர் கேட்டார்.

“அதான் ஒனக்கு எஞ்சினே வந்துட்டே. அவனுக்கு ஒண்ணும் வேண்டாமா? நியாயம்னா நியாயம். ஏளா, எலையப் போடுங்க.”

இவர் தம்பியிடம் சாவியைக் கேட்டார். தம்பி, “பாகம் பாகம்தான்” என்றான். இவர் இலையில் உட்காரவில்லை. சித்தப்பா மட்டும் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் சாவி இல்லாத எஞ்சின், அங்கே எஞ்சின் இல்லாத சாவி. இரண்டு வீட்டிலும் எங்கும் போகாத அரைவட்டம்.

வாசல்வரை வந்த கல்யாணம்

இப்படியே போயிருந்தால் நானும் ஜெயந்தியும் பெரிய கோயில் திருவிழாக் கூட்டத்திலும் ஜவுளிக்கடையிலும் சந்தித்துப் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்போம். ஆனால் அவள் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. திவ்யா இவர் மடியில் வளர்ந்தவள். பெரியப்பா மணமேடைக்கு வராமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சும்மா சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு இவர் குணம் அப்படியே இருக்கிறது.

இவரைக் கேட்டால், “அவன் வந்து பத்திரிகை வைக்கட்டும், வாரேன்” என்பார். முருகேசனைக் கேட்டால், “அண்ணன் வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், வைக்கேன். பொண்ணப் பெத்தவன் தாம்பாளத்தோட போயி, வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பிட்டாவன்னா எம் மகளுக்கு ஆகுமா?” என்பான். அவன் பயம் பொய்யில்லை. மங்கல காரியத்துக்கு எடுத்த தாம்பாளம் திரும்பி வந்தால் எங்கள் பக்கம் யார் மனசுதான் தாங்கும்? கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

“யக்கா, இவியள ஒரே எடத்துல உக்கார வைக்கணும். வேற வழியில்ல” என்றாள் ஜெயந்தி. சொன்ன இடம் ஜவுளிக்கடை, பட்டுச்சேலைப் பிரிவு. அங்கேயே நானும் அவளும் ஒரு மெட்ராஸ்காரரைப் பெற்றெடுத்தோம்.

மெட்ராஸ் பார்ட்டி

ஜெயந்தியின் அண்ணன் தங்கராஜ் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவர்தான் எங்கள் மெட்ராஸ் பார்ட்டி. இவருக்கு ஒரு போன், முருகேசனுக்கு ஒரு போன். “பழைய பொம்மை ரயில் சேகரிக்கிறவங்க நாங்க. உங்க வீட்டுல ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டோம். செட் முழுசா இருக்கணும், ஓடணும். ஓடுற வீடியோ அனுப்புங்க, நல்ல விலை தருவோம்.” பேச வேண்டியதை நான் எழுதிக்கொடுத்து, மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்.

இவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் மீசையைத் தடவினார். “சாவி வேணுமே” என்றார் கடைசியில்.

அடுத்த நாள் சாவி ஜெயந்தியின் கத்தரிக்காய்ப் பைக்குள் வந்தது. இவர் எஞ்சினில் செருகித் திருப்பினார். திரும்பவே இல்லை. உள்ளே சுருள்வில் உப்புக்காற்றில் இறுகிப் போயிருந்தது. “அவன் கடையில எண்ணெய் இருக்கும், கேட்டுப் பாரு” என்று எஞ்சினை என் கையில் கொடுத்தார். நான் கொண்டுபோனேன். “பிரிக்கணும், அண்ணன்கிட்ட கேளுங்க மதினி” என்று திரும்பி வந்தது. கேட்டுக்கொண்டு போனேன். அதற்கும் ஒரு பதில் வந்தது.

இப்படியே ஆட்டோவில் எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்ததில் ஆட்டோக்காரர் என்னை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்தார். நானும் ஜெயந்தியும் ஒரே நாளில் முட்டுவலி என்று படுத்துவிட்டோம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் எங்கள் படியேறினான். “எஞ்சினப் பாக்கத்தான் வந்தேன்” என்று என்னிடம் சொன்னான். “எஞ்சினத்தான பாக்கணும்? பாக்கச் சொல்லு” என்றார் இவர்.

பெட்டிகளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பிரித்தபோதுதான் கவனித்தேன். நீலப் பெயின்டின் மேல் பழைய சந்தனக் கறை, நடுவில் குங்குமம். இவர் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் கடையில் தராசு, கத்தி, கயிற்றுச் சுருளோடு எஞ்சினையும் வைத்துப் பொட்டு வைப்பார். அங்கே அவனும் வருஷா வருஷம் அதையே செய்திருக்கிறான். இவரும் அந்தக் கறையைப் பார்த்தார். எஞ்சினைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேங்காய் எண்ணெய்

ஸ்க்ரூடிரைவர் கதைக்கு வருகிறேன்.

மண்ணெண்ணெயில் ஊறிய பல்சக்கரங்களைக் காது குடைகிற பஞ்சுக்குச்சியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக விட்டு முருகேசன் பொறுமையாகக் கோத்துக்கொண்டிருந்தான். இவருக்குப் பொறுமை என்பது கிடையாது. அவன் சின்ன ஸ்க்ரூடிரைவரைத் தேடித் திரும்பிய நேரம், பூஜை அறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து சுருள்வில்லின் மேல் கவிழ்க்கப் போனார்.

“அண்ணே! கோட்டியா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? தேங்காண்ணய ஊத்துதிய! எல்லாம் பிசினா ஒட்டிக்கிடுமே!”

அடுக்களையில் ஜெயந்தி கீரையைக் கீழே போட்டாள். என் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

இவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி தம்பியை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏலே, நீ என்ன பெரிய இன்ஜினியரா? அப்பா தேங்காண்ணதான் போடுவாவ.”

“அப்பா போட்டுத்தான் அன்னைக்கே பாதி இறுகிச்சு.”

“அப்பாவச் சொல்லுதியா நீ?”

“ஆமா, சொல்லுதேன். கிண்ணத்தக் கீழ வையுங்க மொதல்ல.”

வைத்தார். எங்கள் இருவருக்கும் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெயந்தி என்னைக் கிள்ளினாள், நான் அவளைக் கிள்ளினேன். கீரையையும் வெங்காயத்தையும் ஒரே சட்டியில் போட்டு என்னவோ செய்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு அரைவட்டமும் சேர்ந்து ஒரு வட்டம் ஆனது. சாவி கொடுத்தார்கள். எஞ்சின் முதலில் முனகியது, பிறகு கிர்ரென்று கிளம்பி, நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு கிழவர்களும் குப்புறப் படுத்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள்.

வேடத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று, “அந்த மெட்ராஸ் பார்ட்டிக்கு வீடியோ எடுத்து அனுப்பிருவமா?” என்று கேட்டேன்.

இவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “எந்த மெட்ராஸ் பார்ட்டி? திருச்செந்தூர் தங்கராசா?”

நான் ஜெயந்தியைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள்.

“‘அடுத்த வாரம் அங்கன வாரேன்’னான். மெட்ராஸ்காரன் எவம்ளா ‘அங்கன’ன்னு நம்மள மாதிரி பேசுவான்?”

“எங்கிட்ட பேசும்போது, பின்னால ஒருத்தன் ‘அண்ணாச்சி, ரூம் காலி இருக்கா’ன்னு கேக்கான்” என்றான் முருகேசன்.

அண்ணனும் தம்பியும் தரையில் படுத்தபடியே சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இருவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது! தெரிந்தும்தான் என்னை ஆட்டோவில் அலைய விட்டிருக்கிறார்கள்.

அழுக்குக்கு விலை

ஆனால் பத்திரிகைப் பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு தடவை முருகேசன் வருவான், ரயிலைப் பற்றிப் பேசுவார்கள். ரயிலைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. நான் “திவ்யா எப்படி இருக்கா?” என்று கேட்டால் இவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

நடுவில் இவருக்கே ஒரு யோசனை வந்தது. “ரயில யாரு வீட்டுல வைக்க? மறுபடியும் சித்தப்பாவக் கூப்பிடவா? நெசமாவே வித்துருவோம்.” முருகேசனும் சரி என்றான். ரயில் போய்விட்டால் அவன் இந்தப் படி ஏற என்ன சாக்கு இருக்கிறது?

ரயில் ஓடுகிற வீடியோவை முருகேசன் பேஸ்புக்கில் பழைய பொம்மை சேகரிப்பவர்களின் குழுவில் போட்டான். இந்த முறை உண்மையான ஆள் கிடைத்தார், கோயம்புத்தூரில் இருந்து. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சின்ன பிரஷ் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்.

விருந்தாளி வருகிறார் என்று ஜெயந்தி காலையிலேயே வந்து ஒரு காரியம் செய்திருந்தாள். எஞ்சின் நெற்றியில் இருந்த செம்புக் குமிழைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு போல மின்ன வைத்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரர் அதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

“ஏனுங்க இதைத் தேய்ச்சீங்க? அந்தப் பழைய கருப்புக்குத்தானுங்க விலையே!”

“அழுக்குக்கா துட்டு?” என்றார் இவர்.

“அழுக்கு இல்லீங்க. அதுதான் வயசு.”

“எங்க வீட்டுல செம்ப அப்படி வச்சா சோறு கெடையாது சார்” என்றான் முருகேசன்.

“ஆரஞ்சுக் கலர்ல இதென்னங்க கறை?”

“பொட்டு” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் எதைக் குறை சொன்னாலும் ஒருவர் பதில் சொல்ல, மற்றவர் ஒத்து ஊதினார். ஏழெட்டு வருஷம் பேசாதவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவர் எஞ்சினுக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தார், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் ஒரு தொகை சொன்னார். இவர் ஒரு மாதம் முழுக்கக் கயிறு விற்றாலும் மிஞ்சாத தொகை.

“ஆனா எஞ்சினுக்கு மட்டுமுங்க. பெட்டி என்கிட்டயே இருக்குது, நல்ல நிலைமையில. இதுல பெயின்ட் அடிச்சுட்டீங்க, இது எதுக்கும் ஆகாதுங்க.”

எடுத்தால் மொத்தமாக

எஞ்சின் இவர் பாகம். சித்தப்பா தீர்ப்புப்படி அந்தத் தொகையில் தம்பிக்கு ஒன்றும் இல்லை.

முருகேசன் மெல்ல எழுந்து பெட்டிகளைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தான். “குடுத்துருங்கண்ணே. எஞ்சின் ஒங்களுக்குள்ளதுதான. நான் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயந்தி என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அந்தத் துண்டு முடிச்சோடு அவன் படி இறங்கினால் திவ்யா கல்யாணத்துக்கு இவர் வரப்போவதில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

“ஏலே, வையி கீழ” என்றார் இவர்.

அவன் நின்றான்.

“சார், பெட்டி இல்லாம எஞ்சின் மட்டும் தனியா எங்கன போவும்? நீலப் பெயின்ட் எங்க அப்பா அடிச்சது. எடுத்தா மொத்தமா எடுங்க. இல்லன்னா காப்பியக் குடிச்சிட்டு நல்லபடியா ஊருக்குப் போங்க.”

“மொத்தமா எடுத்தா இந்தப் பெட்டிகளைச் சரிபண்ணுற செலவும் என் தலையிலதானுங்க. விலையக் குறைக்க வேண்டி வருமே?”

“கொறச்சுக்கோங்க.”

இந்த மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவர் வாயால் ‘கொறச்சுக்கோங்க’ என்று நான் கேட்டதே இல்லை. வலைக்கயிறு வாங்க வருகிறவர்கள் மணிக்கணக்காகக் கெஞ்சினாலும் நடக்காத காரியம் அது. கோயம்புத்தூர்க்காரர் இவர் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சின், பெட்டி, சாவி, இரண்டு அரைவட்டம் எல்லாவற்றையும் பஞ்சு வைத்துச் சுற்றிக் கட்டினார். இவர் சொன்னபடி ஆளுக்குப் பாதியாகப் பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டு ஆட்டோ ஏறினார்.

தரையில் பெட்ஷீட் மட்டும் கிடந்தது. முருகேசன் அதை மடித்து என் கையில் கொடுத்தான். செருப்பைப் போட்டான்.

“வாரேண்ணே.”

“ம்.”

இரண்டு படி இறங்கியிருப்பான்.

“ஏலே.”

“என்னண்ணே?”

“திவ்யாவுக்குக் கல்யாணம்னு ஊரெல்லாம் சொல்லுது. எனக்குப் பத்திரிக வைப்பியா, இல்ல வாட்ஸப்புல அனுப்புவியா?”

முருகேசன் சட்டென்று திரும்பினான். படிச்சுவரைப் பிடித்துக்கொண்டான். “நாளைக்குக் காலையிலயே திவ்யாவையும் கூட்டிட்டு வாரேண்ணே” என்று ஒருவழியாகச் சொன்னான்.

“மடப்பயலே, நாளைக்கு அஷ்டமில்லா? மறுநாள் நவமி. வெள்ளிக்கிழம தசமி. பத்தரைக்குள்ள வா, அதுக்கு மேல ராகுகாலம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டார். ஜெயந்தி கதவுக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரம் பார்ப்பது நான்தான். கடையில் ரசீது எழுத அன்றைக்கு என்ன தேதி என்றுகூட எனக்குப் போன் போட்டுக் கேட்கிறவர் இவர். அஷ்டமி, நவமி, தசமி, ராகுகாலம் எல்லாம் அன்றைக்குக் காலண்டர் பக்கம் திரும்பாமலே சொன்னார். எத்தனை நாளாகப் பார்த்து வைத்திருந்தாரோ, பாவி மனுஷன்.